ஓட்டிக் காட்ட முடியாத கார்

எரிந்த மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டிப் பிழைக்கிற ஒருவரின் வீட்டு அலமாரியில், முப்பது வருஷத்துப் பழைய ரிமோட் கார்கள் பதினான்கு வரிசையாக நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கு முதலில் என்ன தோன்றும்? மறைக்காமல் சொல்லுங்கள். திருட்டுச் சாமானோ என்று தோன்றும். அல்லது ஆளுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று. ஓய்வுபெற்ற அதிகாரி பழைய கைக்கடிகாரங்களைச் சேர்த்தால் மட்டும் அதற்கு ரசனை என்று பெயர். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கொளஞ்சியப்பனுக்கு நாற்பத்தெட்டு வயது. தியாகதுருகத்தில் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை. கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு மேசை, செம்புக் கம்பிச் சுருள்கள், வார்னிஷ் வாசம். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் நான் அவரிடம்தான் கொண்டுபோவேன். கம்பி சுற்றும்போது பேச மாட்டார். வாய் மட்டும் எண்ணிக்கொண்டே இருக்கும்.

சிங்கப்பூரில் ஒன்பது வருஷம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பராமரிப்பு வேலை பார்த்தவர். அங்கே ஒருநாள் குப்பை அறையில் ஒரு அட்டைப் பெட்டி கிடந்தது. உள்ளே முழங்கை நீளத்தில் ஒரு கார். கடைகளில் விற்கிற பிளாஸ்டிக் பொம்மை இல்லை. நிஜமான பந்தயக் காரைச் சுருக்கிச் செய்தது, தார்த்தரையில் ஓடுவது, நான்கு சக்கரத்தையும் ஒரு பல் பெல்ட் இழுக்கும். பெரியவர்கள் காசு போட்டு வாங்கி ஓட்டும் வகை, டூரிங் கார் என்பார்கள். அதன் மோட்டார் எரிந்திருந்தது. எரிந்த மோட்டாரைப் பார்த்தால் கொளஞ்சியப்பனுக்குக் கை சும்மா இருக்காது. உள்ளே சுழலும் கம்பி சுற்றிய உருளை, அந்த ஆர்மெச்சர், கட்டை விரல் அளவு. பழைய கம்பியை அவிழ்த்து எண்ணினார்: இருபத்தேழு சுற்று. அதே அளவில் புதுக்கம்பி சுற்றினார். கார் ஓடியது.

அப்புறம் விடவில்லை. யாரோ தூக்கிப் போட்டதை எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் உடைந்ததாகப் பார்த்து வாங்குவார். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் டிவியும் தைலமும் கொண்டுவந்தார்கள். இவருடைய பெட்டியைப் பிரித்த மனைவி ராதிகா, "இன்னாய்யா இது, எவன் வூட்டுப் புள்ள வெளையாடி ஒடச்சது?" என்றாராம்.

அந்தப் பதினான்கில் பதின்மூன்றை ஒவ்வொன்றாக உயிர்ப்பிக்கப் பத்து வருஷம் ஆனது. பெல்ட்டுக்காகப் பழைய பிரிண்டர்களைப் பிரித்துப் பார்ப்பார். பல் இடைவெளி பெரும்பாலும் ஒத்துவராது. மேல்கூடு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக். அதற்கு உள்பக்கமாக வர்ணம் அடிக்க வேண்டும், அதனால் வெளியே மேலாகத் தெரிய வேண்டியதை முதலில் அடிக்க வேண்டும். மூன்று கூடுகளை வீணாக்கிய பிறகுதான் அது அவருக்குப் பிடிபட்டது. ஊருக்கு வெளியே நெல் காயவைக்கும் சிமென்ட் களத்தில் ஓட்டிப் பார்ப்பார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

பதின்மூன்று கார்கள் பேட்டரியில் ஓடுபவை. பதினான்காவது நீல நிறக் கார். அதில் மோட்டாருக்குப் பதில் கோழிமுட்டை அளவு எஞ்சின். கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். பெட்ரோல் ஊற்றிப் பார்த்தார், கிளம்பவில்லை. மண்ணெண்ணெயும் பார்த்தார். பிறகு செல்போனில் தேடி, பெங்களூரில் ஒரு கடைக்காரரைப் பிடித்துக் கேட்டார். "இதுக்குன்னு தனி ஆயில் இருக்கு, அனுப்பறேன்" என்றார் கடைக்காரர். ஒரு லிட்டர் பாட்டில் பஸ் பார்சலில் வந்தது. இளஞ்சிவப்பு நிறம், விளக்கெண்ணெய் வாசம். மேலே ஆங்கிலத்தில் பொடி எழுத்து. பெரிய எழுத்தைக் கூட்டி வாசிப்பார், பொடி எழுத்தை விட்டுவிடுவார்.

எஞ்சின் கார் சத்தம் போடும், வேகமாகவும் போகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். சிமென்ட் களம் பத்தாது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் புதுத் தார் போட்டிருந்தார்கள், வண்டி நடமாட்டமும் கம்மி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டிவிஎஸ் எக்செல்லில் காரையும் ரிமோட்டையும் பாட்டிலையும் ஒரே பையில் போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மலையடிவாரத்தில் மதுவிலக்குச் சோதனைச் சாவடி இருக்கிறது. சாராய ஊறலுக்கு யாராவது வெல்லம் ஏற்றிப் போகிறார்களா என்று மேலே போகிற பைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். பேர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள். மூன்றாவதாக, எந்தத் தெரு என்று கேட்டார்கள். காலனி என்று சொன்னதும் "வண்டிய ஓரங்கட்டுடா" ஆகிவிட்டது. வயதில் சின்ன காவலர் ஒருவர் பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசித்தார். மெத்தனால்.

வேறு மாவட்டமாக இருந்தால் அது ஒரு வேதியியல் சொல். எங்கள் மாவட்டத்தில் அது பிணங்களின் பெயர். இங்கே மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்துச் செத்தவர்களில் வெங்கடேசனும் ஒருவன். ராதிகாவின் ஒரே தம்பி. அந்தச் சொல்லை ராதிகா ஆஸ்பத்திரி வராந்தாவில் தெரிந்துகொண்டார். கொளஞ்சியப்பன் மச்சானின் உடம்பைத் தூக்கி வந்த வேனில் உட்கார்ந்து தெரிந்துகொண்டார். அதே சரக்கு இத்தனை நாள் தன் வீட்டு அலமாரியில் இருந்தது என்பதைச் சாவடியில்தான் தெரிந்துகொண்டார்.

ஊரில் மனு எழுதிக் கொடுக்கிறவன் என்பதால் ராதிகா எனக்குத்தான் போன் செய்தார். "சார், இவர புடிச்சிக்கினு பூட்டாங்க. பொம்ம காருக்குன்றாங்க, சாராயம்ன்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல சார்."

அவர் பொழுதுபோக்குக்காகச் சேர்க்கிறவர் என்று காட்டலாம் என நினைத்து, அலமாரியிலிருந்து ஒரு சிவப்பு பேட்டரி காரை எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போனேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். மேசைமேல் நீலக் கார் இருந்தது. ஆய்வாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டு காசிநாதன் கைப்பற்றிய பொருள் பட்டியலில் இதற்கு என்ன பெயர் எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா இது?" என்றார் ஆய்வாளர்.

"காரு சார்" என்றார் கொளஞ்சியப்பன்.

"கார்னு எனக்கும் தெரியுது. இதுக்கு எதுக்குய்யா மெத்தனால்?"

"அது குடிச்சாதான் சார் ஓடும்."

"மலைல அவனவன் அதத்தான் சார் சொல்றான்" என்றார் ஏட்டு. ஆய்வாளரே சிரித்துவிட்டார்.

"ஏன், பெட்ரோல்ல ஓடாதா?"

இந்தக் கேள்விக்குக் கொளஞ்சியப்பன் முகம் தெளிந்தது. அவருக்குத் தெரிந்த விஷயத்துக்கு வந்துவிட்டார்கள். எஞ்சின் மண்டையில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அதற்குள்ளே மயிரிழையாக ஒரு கம்பிச் சுருள், முதலில் பேட்டரி வைத்து அதைச் சிவக்கவைக்க வேண்டும், பிறகு பேட்டரியை எடுத்துவிடலாம், இந்த எண்ணெய் ஆவி பட்டால் மட்டும் கம்பி சூடு விடாமல் நிற்கும், பெட்ரோல் பட்டால் அணைந்துவிடும். பெங்களூர்க்காரர் சொன்னதையும் தானே கண்டதையும் சேர்த்து மூச்சுவிடாமல் சொன்னார். "வெளக்கெண்ணெ கலந்திருக்குது சார். மோந்து பாருங்க. இத்த எவன் சார் குடிப்பான்?"

"குடிக்கிறவன் மோந்து பாத்தா குடிக்கிறான்?" என்றார் காசிநாதன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஆய்வாளர் கெட்டவர் இல்லை. நீலக் காரைக் கொளஞ்சியப்பன் பக்கம் தள்ளினார். "சரி, ஓட்டிக் காட்டு. ஓடிச்சின்னா நான் ஒத்துக்கறேன்."

"எண்ணெ குடுங்க சார்."

"அது சீல் வெச்சாச்சு."

"அப்ப எப்பிடி சார் ஓட்டறது?"

எல்லோரும் பாட்டிலைப் பார்த்தோம். வெள்ளைத் துணி சுற்றி, நூல் கட்டி, அரக்கு வைத்திருந்தார்கள். கார் ஓடினால் பாட்டிலில் இருப்பது எரிபொருள். பாட்டிலைத் திறந்தால் சாட்சியம் கலைந்துவிடும். பாட்டில் திறக்காமல் கார் ஓடாது. நானும் நாலு புத்தகம் படித்தவன்தான். இந்த முடிச்சின் முனை எனக்கும் அகப்படவில்லை.

சிவப்புக் காரைத் தரையில் வைத்துக் காட்டினோம். நிலைய வாசலில் அது அம்பாகப் பாய்ந்தது. காசிநாதன் ரிமோட்டை வாங்கி ஓட்டி, வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பி வரும்போது ஆய்வாளரின் பூட்ஸில் காரை மோதவிட்டார். "அடடே, ரெண்டாங் கியரு கெடயாதா?" என்று கேட்டார். ஆய்வாளர் காரை எடுத்து என்னிடம் தந்தார். "இது பேட்டரி. இது கேஸ்ல இல்ல. இது ஓடுது, அதனால அதுவும் ஓடும்னு நான் எழுத முடியாது சார்."

தர்க்கப்படி அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு எரிச்சல்.

அன்று மாலை நிலையப் பிணையில் விட்டார்கள். உரிமம் இல்லாமல் மெத்தனால் வைத்திருந்ததாக வழக்கு. சட்டம் தேவையானது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு மெத்தனாலை யார் வைத்திருந்தாலும் சொட்டுச் சொட்டாகக் கண்காணிக்க வேண்டும் என்று மனு எழுதியவர்களில் நானும் ஒருவன். கண்காணித்துவிட்டார்கள். டேங்கர் கணக்கில் போகிற சரக்கு எந்தச் சாவடியில் எந்தத் தெரு என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. எக்செல்லில் போன ஒரு லிட்டர் பிடிபட்டது. என் மனு வென்றதா தோற்றதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். ராதிகா சண்டை போடவில்லை. சண்டை போட்டால் பதில் சொல்லலாம். ஒரே ஒரு முறை கேட்டார், நான் அங்கே இருந்தேன்.

"எந் தம்பிய கொன்னத அலமாரில வெச்சிக்கினு, எங்கூட ஒக்காந்து சோறு துன்னியே. தெரிஞ்சி வெச்சியா, தெரியாம வெச்சியா?"

"தெரியாதுடி. சத்தியமா தெரியாது."

"கார் ஓடறத எங் கண்ணால பாக்கறேன். அப்ப அது காருக்குத்தான்னு நம்பறேன்."

போலீசும் மனைவியும் ஒரே நிபந்தனையை வைத்தார்கள். இன்னொரு பாட்டில் வாங்கி, வேறொரு எஞ்சினில் ஓட்டிக் காட்டலாமா என்று கொளஞ்சியப்பன் என்னிடம் கேட்டார். அது இரண்டாவது வழக்கு என்றேன். தலையைச் சொறிந்தார்.

கடையில் ஆள் வரத்து நின்றுவிட்டது. பாதி கட்டிய மோட்டாரை ஒருவர் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். "சாராய கேஸ் கொளஞ்சி" என்று டீக்கடையில் சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் களத்தில் நின்று கார் பார்த்தவர்கள்.

இரண்டு மாதம் கழித்து ஆய்வக அறிக்கை வந்தது. நாங்கள் வைத்திருந்த வக்கீல் தமிழில் வாசித்துக் காட்டினார்: திரவத்தில் மெத்தனால் உள்ளது. அவ்வளவுதான். அதில் எண்ணெய் இருக்கிறதா, எஞ்சினுக்கானதா, மனிதன் வாயில் வைக்க முடியுமா, எதுவும் இல்லை. ஏனென்றால் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு அறிவியல் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறது. அறிவியலை நம்பு, நம்பு என்று வாழ்நாளெல்லாம் மேடையில் கத்தியவன் நான். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொளஞ்சியப்பன் என்னைப் பார்த்தார்.

"உரிமம் இல்லாம வெச்சிருந்தது தப்புன்றீங்க, சரி. தெரியாம வெச்சிருந்தேன்றேன், அதுவும் சரின்றீங்க. அப்ப நான் தப்பு பண்ணனா இல்லியா சார்? அத்த மட்டும் சொல்லுங்க."

"மெத்தனால்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா வாங்கியிருப்பீங்களா?" என்று நான் கேட்டேன்.

அறிக்கைத் தாளை நாலாக மடித்தார். இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"தெரியலீங்க. அந்தக் கார் சத்தத்த ஒரு தபா கேக்கணும்னு பத்து வருஷமா ஆச. மச்சான் மொகமும் கண்ணுல நிக்குது. தெரியலீங்க."

வக்கீல் ஒரு வழி சொல்கிறார். அந்த நீலப் பொருள் என்ன, அது எதைக் குடித்து ஓடும் என்று தெரிந்த யாராவது நீதிமன்றத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். முடிந்தால் நேரில் வர வேண்டும். அப்படிச் சொன்னால், நீதிபதி முன்னிலையில், அரக்கை உடைத்து, அளந்து எடுத்து, ஒருமுறை ஓட்டிக் காட்ட அனுமதி கேட்கலாம் என்கிறார். கிடைக்குமா என்று அவருக்கும் உறுதியில்லை. பெங்களூர்க் கடைக்காரர் போனையே எடுப்பதில்லை. எங்கள் மாவட்டத்தில் தேடிவிட்டோம். பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர் புத்தகத்தில் படித்ததாகச் சொன்னார், கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

இதைப் படிக்கிற உங்களில் யாரோ ஒருவர், சென்னையிலோ கோவையிலோ வெளிநாட்டிலோ, இப்படி ஒரு எஞ்சின் காரை ஓட்டியிருப்பீர்கள். கயிற்றை இழுத்துக் கிளப்பியிருப்பீர்கள், அந்த விளக்கெண்ணெய்ப் புகையை முகர்ந்திருப்பீர்கள். செப்டம்பர் இரண்டாவது வாரம் அடுத்த வாய்தா. ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் பெயர், முகவரி, எந்த வருஷம் ஓட்டினீர்கள், எந்த எண்ணெய் ஊற்றினீர்கள் என்று எழுதுங்கள். இது வேறு எண்ணெயில் ஓடாது என்ற வரியை விட்டுவிடாதீர்கள். கையெழுத்துப் போட்டு, இந்த இதழின் முகவரிக்கு இந்த வாரமே அனுப்பிவையுங்கள்.