எண்பது கணினிகளிலும் அக்கா

"அனைத்துப் பிரிவினரும் நிமிர்ந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டிய மாபெரும் அறிவிப்பு: வரும் திங்கள் முதல் நம் அலுவலகத்தின் எண்பது கணினிகளிலும் 'முன்னேற்றம்' என்ற ஒரே பெயரில் புதிய கணக்கு உதயமாகிறது. பழைய கணக்குகள் விடைபெறுகின்றன!"

எழுதியவர் மேலாளர். வாரத்துக்கு நாலு சுற்றறிக்கை விடுகிற மனிதர் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'சர்க்குலர்' என்று பெயர். அவர் எழுதுவதில் பாதிக்கு மேல் நடப்பதில்லை. ஆனால் இந்தக் கதை நடந்தது. நம்பாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டடத்தில் ஐந்து மாடி ஏறிப் பார்க்கலாம்.

கணினிகளைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் 'கேபிள்' என்பார்கள். சனிக்கிழமை மதியம் சர்க்குலர் அவரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கே முடிச்சிடுய்யா. முக்கியமா அந்த அம்மா கணக்கைத் தூக்கு. ஒரு ஸ்கிரீன்லகூட அவங்க பேர் தெரியக் கூடாது. திங்கக்கிழமை தொழிலாளர் ஆய்வாளர் வர்றார்."

"வீட்லேர்ந்தே செஞ்சிடலாம் சார். ஒரே எடத்துல உக்காந்து எண்பதுக்கும் போடலாம்."

"நேர்ல வா. உழைப்பு கண்ணுக்குத் தெரியணும்."

கேபிளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாதத்துக்கு முன் இதே வாக்கியத்தைத்தான் பாஸ்வேர்டு அக்காவுக்கும் போனில் சொன்னார். அப்போது கேபிள் பக்கத்தில் இருந்தார்.

"புருஷன் பேரை மறந்தாக்கூடப் பரவால்ல, பாஸ்வேர்டை மறந்துட்டு வந்து நிக்காதீங்கடி" என்று மொத்த அலுவலகத்தையும் திட்டிக்கொண்டே காப்பாற்றியவர் அக்கா. வீசிங் உண்டு. விடுமுறை நாளில் லிஃப்டை நிறுத்தச் சொல்லி ஒரு சிக்கனச் சுற்றறிக்கையும் உண்டு. ஞாயிறன்று படியேறி வந்து நாலாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்த அக்கா எழுந்திருக்கவில்லை.

வேலைக்கு வந்த இடத்தில் இறந்தாள் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றார் அவருடைய கணவர். சர்க்குலர் வேறு வரி எழுதினார்: 'அவர் வெள்ளிக்கிழமையே வேலையை விட்டுவிட்டார். ஞாயிறன்று எதற்கு வந்தார் என்று தெரியாது.' கணவர் தொழிலாளர் துறையில் புகார் கொடுத்தார்.

ஞாயிறு. பட்டப்பகல். படிக்கொரு வசவாகத் திட்டிக்கொண்டே ஏறினார் கேபிள். மூன்றாவது மாடியில்... பின்னால் இன்னொரு காலடி. இவர் நின்றார். அதுவும் நின்றது. ஒரு படி தாமதமாக.

கூடவே விசில் மாதிரி இழுக்கும் மூச்சு. தன் மூச்சுதான் என்று நினைத்து அடக்கிப் பார்த்தார்.

விசில் நிற்கவில்லை.

ஓடிப் போய் ஐந்தாவது மாடி சர்வர் அறையில் விழுந்தார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கூடம். எண்பது கறுப்புத் திரைகள். முதலில் புதிய கணக்கை ஏவினார். 'கணினி பதிலளிக்கவில்லை.' எண்பதிலிருந்தும் அதே வரி. முன்னேற்றத்தை எவனும் உள்ளே விடவில்லை.

அடுத்து, அக்காவின் கணக்கை நீக்கக் கட்டளை கொடுத்தார்.

உடனே பதில் வந்தது. எண்பதிலிருந்தும்.

'நீக்க முடியாது. பயனர் உள்ளே இருக்கிறார்.'

கடைசி வரிசையில் ஒரு திரை எரிந்தது. அடுத்தது... அதற்கடுத்தது... எல்லாவற்றிலும் அக்காவின் பெயர்.

போன் அடித்தது. சர்க்குலர்.

"முடிஞ்சுதா?"

"அக்கா உள்ள இருக்காங்க சார்."

"எந்த அக்கா?"

"நீங்க மாடியேற வெச்ச அக்கா."

"கிறுக்குப் புடிச்சிருக்கா? தூக்குய்யா! இல்ல, நாளைக்கு உன்னையும் சேத்துத் தூக்கிடுவேன்."

டக்... மூச்சு... டக்... மூச்சு...

கதவுக்கு வெளியே நின்றது.

கேபிள் கதவைப் பார்த்தார். பாதி பயம், பாதி ஆத்திரம். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"நான் தொடமாட்டேங்க்கா."

விசில் நின்றது.

திரைகள் அணைந்தன.

திங்கள் காலை ஆய்வாளர் கூடத்தில் நின்றார். எண்பது திரையிலும் அக்காவின் பெயர். கீழே: 'கடைசியாக நுழைந்தது நேற்று.'

"வெள்ளிக்கிழமையே வேலையை விட்டவங்க பேரு எப்படிங்க இங்க?"

"இவன் பண்ண வேலை சார்!" சர்க்குலர் கேபிளைக் காட்டினார்.

அதற்கு மேல் கேபிளுக்குப் பொறுக்கவில்லை. "அன்னிக்கு அக்காவை வரச் சொன்னது இவர்தான் சார். நான் பக்கத்துல இருந்து கேட்டேன்." சொன்னதும் வாட்ச்மேன் வாயைத் திறந்தார். பிறகு ஆளாளுக்குத் திறந்தார்கள். அந்த ஒரு வரியை ஆய்வாளரே எழுதினார். அக்காவின் கணவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் எலக்ட்ரீஷியன் தயங்கித் தயங்கி வந்தார்.

"அண்ணே, நேத்து கூடத்துல ஸ்கிரீன் எரிஞ்சுதுன்னீங்களாமே?"

"ஆமா, எண்பதும்."

"எப்படிண்ணே? சிக்கனம்னு சர்க்குலர் சொன்னார்னு சனிக்கிழமை சாயங்காலமே கூடத்துக்கு மெயினை எறக்கிட்டேன். சர்வர் ரூமுக்கு மட்டும்தான் தனி லைன். இன்னிக்குக் காலைலதான் மறுபடி போட்டேன்..."

மறுநாள் புதிய சுற்றறிக்கை வந்தது: 'பணியிலிருந்து நீங்கியோர், எந்த நிலையில் இருப்பினும், முன் அனுமதியின்றி விடுமுறை நாளில் உள்நுழையக் கூடாது.'

ஞாயிற்றுக்கிழமைகளில் லிஃப்ட் இன்னும் ஓடுவதில்லை.