இட்டியவிரா சொல்லும் மன்றாட்டு

இட்டியவிரா கையைத் தூக்கினால் போதும், எங்கள் கோயில் வார்டில் மூன்று பாதிரியார்கள் மூர்ச்சையாகி விழுந்திருக்கிறார்கள். சரி, மூன்று என்பது என் வாய்க்கொழுப்பு. ஒருவர்தான். அவரும் விழவில்லை, விக்கல் வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு, யார் வீட்டு முறையோ அந்த வீட்டுக் கூடத்தில் ஜெபக் கூட்டம். வேதம் வாசித்து முடித்ததும், "யாருக்காவது ஏதாச்சும் கேக்கணுமா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்பார்கள். உடனே வாசலோரப் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து, நகக்கண்ணில் வார்னிஷ் கறையோடு அந்தக் கை எழும்.

"ஃபாதர், ஒரே ஒரு சந்தேகம்."

அவர் ஒன்றோடு நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை.

எழுபத்தொரு வயது. மீனச்சிலாற்றுப் பாலத்தடியில் பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை. கட்டி முடித்த மோட்டாரை ஒரு பல்பின் வழியே மின்சாரம் விட்டுத்தான் சோதிப்பார். "பல்பு எரிஞ்சா நம்புவேன். எரியலைன்னா பிரிச்சுப் போட்டுட்டு மறுபடி கட்டுவேன்" என்பார். கடவுளையும் அப்படித்தான் சோதித்ததாகவும், பத்தொன்பதாம் வயதிலிருந்து பல்பு எரியவே இல்லை என்றும் சொல்வார். ஆனால் கோயில் மைக் கரகரத்தால், கேட்காமலே ஸ்பேனரோடு வந்து நிற்பார். "நீங்க சொல்றது பின்வரிசைக்கும் தெளிவாக் கேக்கணும். கேட்டாத்தானே நான் மறுக்க முடியும்!"

அவருடைய வேதப் புத்தகத்தைப் பார்த்தால் எங்கள் உபதேசியாருக்கே வெட்கமாக இருக்கும். காயிலுக்கு அடியில் வைக்கும் மஞ்சள் காகிதத்தை நறுக்கி, பக்கத்துக்குப் பக்கம் அடையாளம் வைத்திருப்பார். ஐந்து அப்பம், இரண்டு மீன் வாசித்த நாள் எனக்கு மறக்காது. மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சட்னியும் அடுக்களையில் காத்திருந்தன, எல்லோருக்கும் பசி. இவர் கையைத் தூக்கினார்.

"பெண்களையும் பிள்ளைகளையும் சேர்க்காம ஐயாயிரம் பேருன்னு போட்டிருக்கு. சேர்க்காம விட்டது யாரு? அப்பம் குடுத்தவரா, எழுதி வெச்சவரா?"

பாதிரியார் விக்கினார். அடுக்களை வாசலில் நின்றிருந்த பெண்கள், கிழங்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள். அன்றுவரை கூட்டத்தில் பெண்கள் நாங்கள் பாடுவோம், பரிமாறுவோம், பேசியதில்லை. அன்று ஏழு மணி வரை பேசினோம். கிழங்கு ஆறிப்போனது.

நம்பிக்கை இல்லாதவருக்கு இங்கே என்ன வேலை என்று அவரிடம் கேட்காதவர்கள் கிடையாது. நானும் கேட்டேன்.

"இந்தக் கரையில யார் யாரைக் கட்டலாம், பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக்குடுக்கலாம், செத்தா எந்தக் குழியில போடலாம், எல்லாம் இந்தப் புத்தகத்தை வெச்சுத்தானே முடிவாகுது? நான் வீட்டுல குந்திக்கிட்டிருந்தா என் பங்குக்கு யாரு பேசுறது, சேடத்தி?" என்றார், எங்கள் ஊரில் பெண்களை அழைக்கும் மரியாதையோடு. "அதுவுமில்லாம, சாவைப் பத்தியும் பாவத்தைப் பத்தியும் இந்த ஊர்ல வேற எங்க பேசுறாங்க? டீக்கடையில ரப்பர் விலைதான் பேசுறாங்க" என்றார்.

அவர் மனைவி ஏலியம்மா இதற்கு நேர் எதிர். கூட்டம் முடியும்போது ஆளுக்கொரு மன்றாட்டைச் சொல்வது எங்கள் வழக்கம். ஒருவர் மகனின் விசாவுக்கு, ஒருவர் முட்டிவலிக்கு. ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம். ஏலியம்மாவின் மன்றாட்டு முப்பத்தாறு வருடமாக ஒன்றேதான்: "என் வீட்டுக்காரருக்கு விசுவாசம் வரணும்." கணவர் வாசலோரத்தில் உட்கார்ந்து, மீசைக்குள் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

போன வருடத்துக்கு முந்தைய வருட ஈஸ்டருக்குப் பிறகு ஏலியம்மாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. அடுத்த மாதம் இட்டியவிரா தனியாக வந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. மன்றாட்டு வரிசை அவரிடம் வந்ததும், வழக்கம்போல அவரைத் தாண்டிப் போகப் பார்த்தோம். அவர் எழுந்து நின்றார்.

"என் வீட்டுக்காரருக்கு விசுவாசம் வரணும்."

அதே சொற்கள், அதே இழுப்பு. நான் குபீரென்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்கிறது எல்லாருக்கும் தெரியும். சைகை காட்டிச் சொல்லச் சொன்னது அவ. பதில் சொல்லுங்க" என்றார். நாங்கள் சொன்னோம்.

அதிலிருந்து மாதம் தவறியதில்லை. வீடு திரும்பியதும் ஏலியம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, இன்னார் சொன்னார், இன்னார் சொன்னார் என்று ஒவ்வொரு பெயராக ஒப்பிப்பார். அவள் இடது கையின் கட்டைவிரலை விரல் கணுக்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணிக்கொள்வாள். "போகாமலே போயிட்டு வந்தேன்னு சொன்னா யாருக்குத் தெரியப்போகுது?" என்று ஒருநாள் கிண்டிப் பார்த்தேன்.

"உங்களுக்கென்ன, பொய் சொன்னா மேல ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கலாம். எனக்கு அந்த வசதி இல்லையே. சொன்ன பொய் அவகிட்டச் சொன்னதாவே நின்னுடும்" என்றார்.

இந்த வருடம் வார்டுத் தலைவராக வந்தவர் பைலி. பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதிலும் முறை வேண்டும். போன மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"இட்டியவிராச் சேட்டா, தப்பா எடுத்துக்காதீங்க. விசுவாசம் இல்லாத வாயில மன்றாட்டு சொன்னா அது மேல போகுமா? ஏலியம்மா பாவமில்லையா? அடுத்த மாசத்திலேருந்து அதை நான் சொல்றேன்."

இட்டியவிராவிடம் பதில் இருக்கும் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் தன் நாற்காலியை மற்றவற்றின் மேல் அடுக்கிவிட்டு, கடுங்காப்பி குடிக்காமலே படி இறங்கினார். வாதத்தில் தோற்றதற்காக அவர் வருந்தியிருக்கமாட்டார். பல்பில் வைத்துப் பார்க்க முடியாத சந்தேகம் அது: தன் வாயால் அவளுடைய வேண்டுதல் கெட்டுப்போகிறதோ!

அடுத்த முறை அவர் வீடாகவே வந்தது. ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் ஏலியம்மா, பழைய வழக்கப்படி வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்தி, காதோலை போட்டு. தள்ளி நின்றிருந்தார் இட்டியவிரா. அவர்களை விட்டால் நாங்கள் பன்னிரண்டு பேர். வாசிப்பு முடிந்தது, கேள்வி கேட்க யாரும் கை தூக்கவில்லை. மன்றாட்டு நேரத்தில் பைலி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"இந்த வீட்டுத் தலைவரோட கல்லான இருதயத்தை உடைச்சு, இருளிலிருந்து வெளிச்சத்துக்கு அவரைக் கொண்டுவர..."

பட்டென்று ஒரு சத்தம். ஏலியம்மா இடது கையால் நாற்காலிப் பிடியை அறைந்திருந்தாள். பைலி நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி அறைந்தாள். பிறகு கையை நீட்டி, எட்டாத தூரத்தில் நின்ற கணவரின் சட்டை முனைக்காகக் காற்றில் துழாவினாள். அவர் ஓரடி முன்னால் வந்தார். பிடித்து இழுத்தாள்.

"பைலிச்சா," என்றார் இட்டியவிரா, மெதுவாக. "நீங்க சொல்றது நல்ல மன்றாட்டுதான். ஆனா அது உங்களுது. அவ கேக்குறது அதில்லை."

நிமிர்ந்து நின்று சொன்னார்: "என் வீட்டுக்காரருக்கு விசுவாசம் வரணும்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றோம். ஜன்னல் கம்பி அதிர்ந்தது என்று எழுதத் தோன்றுகிறது. நன்றாகவே சத்தமாக இருந்தது, அவ்வளவு சொன்னால் போதும்.

அவர் குனிந்து அவள் காதருகே வாயை வைத்தார். "நீயே கேட்டுட்டே, இனி நான் ஒப்பிக்க வேண்டாம். பன்னிரண்டு பேரு. எல்லாரும் சொன்னாங்க."

ஏலியம்மா தலையை ஆட்டி மறுத்தாள். கட்டைவிரல் சுண்டுவிரலின் நடுக்கணுவில், பதினொன்றில் நின்றிருந்தது. கடைசிக் கணுவுக்கு அதை நகர்த்தாமல், இன்னும் வாய் திறக்காத பைலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.