என் வாயிலிருந்து போனது

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில், கணபதிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். கணவருக்கு பம்ப்செட் பட்டறையில் லேத் வேலை. மகளுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் காலை அவளை எழுப்பப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். வலது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. தொட்டால் சுட்டது. அவள் அழவில்லை. எதற்கெடுத்தாலும் அழுகிற பிள்ளை, சத்தமில்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் பயந்தது அதைப் பார்த்துத்தான்.

அவளுடைய மேல்வரிசைப் பற்கள் ஒரு வருடமாகவே கெட்டுக்கொண்டிருந்தன. முதலில் ஈறோரம் சுண்ணாம்பு தொட்டு இழுத்தாற்போல் ஒரு வெள்ளைக்கோடு. அப்புறம் பழுப்பு. அப்புறம் கறுத்து, நுனி நுனியாக உதிர்ந்தது. சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தால்தான் தூங்குவாள். பால்பல்தானே, விழுந்து முளைத்துவிடும் என்றார்கள். நானும் நம்பினேன், நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. கல்யாணத்துக்கு முன் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கப் போனபோது மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காமல் நான் கத்திய கத்தல் எனக்கே மறக்கவில்லை. அதன் பிறகு என் வாயில் நான்கைந்து பல் சொத்தையாகியும் கிராம்பை வைத்துக் கடித்தே காலத்தை ஓட்டினேன்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்தார். "பல்லுல புழு உளுந்துபோச்சு அம்மணி. சந்தப்பேட்டைக்கிட்ட ஒருத்தரு கண்டங்கத்திரி வெதையில பொக போட்டுப் புழு எடுக்கறாரு. வா, நான் கூட வாரேன்."

கிளம்பியே விட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு, குடிக்க ஒரு வாய் தண்ணீர் கொடுத்தேன். அவளால் விழுங்க முடியவில்லை. தண்ணீர் கடைவாயில் வழிந்து கழுத்தில் இறங்கியது. "வேண்டாங்க அக்கா, நான் டாக்டர்கிட்டயே போறேன். அவரு வந்தாச் சொல்லிருங்க" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். பஸ்ஸில் எனக்கு இடம் கொடுத்த பெண், மகளின் முகத்தைப் பார்த்ததும் தன் பிள்ளையை இழுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் பல் டாக்டர். என் வயதுதான் இருக்கும் அந்தம்மாவுக்கு. கன்னத்தை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"எத்தனை நாளாங்க இப்படி?"

"இன்னைக்குக் காலையிலதானுங்க."

"வீக்கம் இன்னைக்கு. பல்லு?"

பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கி அந்தக் கறுத்த பற்களைக் காட்டினேன்.

"சீழ் கண்ணுப்பக்கம் ஏறுது. இங்க வெச்சுப் பாக்க முடியாதுங்க. எழுதித் தாரேன், பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே போங்க. கண்ணுக்குப் பின்னால போயிருச்சுன்னா..." அதோடு நிறுத்திக்கொண்டார். அவர் சொல்லாமல் விட்டதை ஆட்டோவில் போகும் வழியெல்லாம் நானே நூறுவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, மருந்து ஏற்றி, இரண்டு பற்களைப் பிடுங்கிச் சீழை எடுத்தார்கள். கணவர் கையில் கிரீஸோடு ஓடி வந்தார். வெள்ளைக் கோட்டு போட்டவர்களையெல்லாம் நிறுத்தி, "கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று கேட்டார். அன்றிரவே முழுதாக மூடிப்போன கண்ணின் இமை மூன்றாம் நாள் காலை பிரிந்தது. உள்ளே கருவிழி அசைவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

பத்து நாள் கழித்துக் காந்திபுரம் டாக்டரிடம் காட்டப் போனேன். புழுவைப் பற்றிக் கேட்டேன்.

"புழுவெல்லாம் இல்லீங்க. கண்ணுக்குத் தெரியாத கிருமி. நாம திங்கற இனிப்பை அதுவும் தின்னு, புளிப்பை வுடுது. அந்தப் புளிப்புலதான் பல்லு கரையுது. தூங்கறப்ப எச்சில் ஊறறதும் கம்மி. பாட்டில் பால் அப்படியே பல்லுல தங்கீரும்."

"இத்துனூண்டு பிள்ளை வாய்க்கு அது எப்படிங்க வந்துச்சு?"

"பொறக்கறப்ப இருக்காதுங்க. பெரும்பாலும் ஊட்டி வுடறவங்க எச்சில்ல இருந்து போறதுதான். எங்க, உங்க வாயைக் காட்டுங்க."

காட்டினேன். சொத்தைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

பாட்டில் ரப்பரை நான் சப்பிப் பார்த்துத்தான் சூடு தெரிந்துகொள்வேன். முறுக்கை என் பல்லால் நொறுக்கித்தான் ஊட்டுவேன். பிள்ளையைக் கண்ணிழக்கும் விளிம்புக்குக் கொண்டுபோனது என் வாயா?

"உங்களைக் குத்தம் சொல்லலீங்க" என்றார் டாக்டர். "கிருமி இல்லாத வாய் யாருக்குங்க இருக்கு? சர்க்கரைப் பாட்டிலை நிறுத்துங்க. உங்க பல்லையும் சரி பண்ணிக்குங்க."

அந்த நாற்காலியில் ஐந்து தடவை உட்கார்ந்தேன். ஐந்து தடவையும் அதன் கைப்பிடியை விடவில்லை. மூன்றைப் பிடுங்கி, இரண்டை அடைத்தார்.

இரண்டு வருடத்தில் மகன் பிறந்தான். அவனுக்கு முத்தம் கொடுக்கக்கூட முகத்தைத் திருப்பி உச்சியில்தான் கொடுத்தேன். பெருந்துறையிலிருந்து வந்த நாத்தனார், கணவருக்கு மூத்தவர், ஒரு நாள் வாழைப்பழத்தைத் தன் வாயில் குதப்பி அவனுக்கு ஊட்டப் போனார். பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கினேன்.

"என்ற தம்பி மகனுக்கு நான் ஊட்டக் கூடாதா? என்ற வாய் என்ன அத்தனை அசிங்கமா?"

"என்ற வாயும் அப்படித்தானுங்க" என்றேன். ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாட்களையும் அவருக்கு ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்து போய் ஒரு கிண்ணமும் ஸ்பூனும் எடுத்து வந்து பழத்தைப் பிசைந்தார்.

மகனுக்குப் பற்கள் நன்றாகவே முளைத்தன. மகளுக்கும் ஏழு வயதில் புதுப்பல் வந்தது. ஆனாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டு பேரையும் "ஆ காட்டு" என்று தினமும் வாயைத் திறக்கச் சொல்வதை என்னால் வெகுகாலம் விட முடியவில்லை. எங்காவது ஒரு வெள்ளைக்கோடு தெரிந்துவிடுமோ என்று, பார்த்து முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.