வேண்டுதல் அவருடையது, முடி என்னுடையது

சித்தூரில் நடந்த எங்கள் கல்யாணத்தை, கணவருக்கு வேலை கிடைத்த நாடு ஏற்றுக்கொண்டால்தான் எனக்கு விசா. பதில் வரத் தாமதமானதும் அவர் திருமலை சாமிக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டார். விசா வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நேர்ந்துகொண்டது என் முடியை!

"எனக்கு ஏது முடி? அதான் உன்னுத வேண்டிக்கினேன்" என்றார், வழுக்கையைத் தடவிக்கொண்டே.

சாமி காரியத்தில் சண்டை போட முடியுமா? போட்டேன். ஆனாலும் அலிபிரியிலிருந்து படியேறிப் போய், மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு இறங்கினேன். அடுத்த வாரமே விமானம்.

அந்த ஊர் விமான நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி எங்கள் கல்யாணப் போட்டோவைப் பார்த்தாள். அதில் எனக்கு இடுப்புவரை பின்னல், பின்னல் முழுக்க மல்லிகை. பிறகு என் தலையைப் பார்த்தாள். கணவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கனிவாகக் கேட்டாள்: "மொட்டை போட்டது உங்கள் விருப்பமா, இல்லை இவர் கட்டாயப்படுத்தினாரா?"

தள்ளி நின்றவருக்கும் அது கேட்டுவிட்டது. வழுக்கை முழுக்க வியர்வை. கல்யாணமானதிலிருந்து என் வாயைப் பார்த்துக்கொண்டு அவர் இப்படி நின்றதே இல்லை.

அதனால் நான் அவசரப்படவில்லை.