போத்தலில் வந்த பல்

சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்த பிறகு கனடாவிலிருந்து அண்ணை முதன்முதலாக வட்டக்கச்சிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். படலையடியிலேயே என்னைக் கட்டிப் பிடித்தார். பிடித்த கையோடு முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, உன்ர வாய்க்கு என்ன நடந்தது?"

சொந்த அண்ணைக்கே என் வாய் நாற்றம் தாங்க முடியவில்லை. எனக்கு அன்று என்மேலேயே அருவருப்பு வந்தது.

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. இடப்பெயர்வுகளுக்குள்ளே குளுசை கிடைத்த நேரம் போட்டு, கிடைக்காத நேரம் விட்டு, அது உடம்புக்குள் நன்றாக ஊறிவிட்டது. முதலில் பல் முரசு வீங்கியது. விரலால் அமத்தினால் சீழ் வரும். பிறகு மேல்வரிசை முன்பற்கள் ஆடி, ஒவ்வொன்றாக முறிந்து, வேர்கள் மட்டும் கறுப்பாக மிஞ்சின. நான் வேலை செய்ததோ சங்கக்கடையில். சாமான் நிறுத்துக் கொடுக்கும்போது ஆட்களோடு கதைக்காமல் இருக்க ஏலாது.

அதனால் கிளிநொச்சி டவுனில் பல் கட்டுகிற ஒருவரிடம் போனேன். வீட்டு முன்னறையில் ஒரு கதிரை போட்டுத் தொழில் செய்தார். எங்கே படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. "வேர் பிடுங்கத் தேவையில்லை அக்கா, மேலால ஒட்டிவிடுறன். கழட்டிற கரைச்சலும் இல்லை" என்றார். ஊத்தை வேர்களுக்கு மேலேயே பொய்ப்பல் வரிசையொன்றை வைத்து, சீமெந்து போல ஏதோ பூசி இறுக்கிவிட்டார். கொஞ்ச நாள் கண்ணாடி பார்த்துச் சிரித்துக்கொண்டு திரிந்தேன். பிறகு அதற்குள்ளிருந்து நாற்றம் கிளம்பியது. உப்புத் தண்ணீர், வேப்பங்குச்சி, கராம்பு, ஒன்றுக்கும் அடங்கவில்லை. என் மனுசன் தன் பாயை விறாந்தைக்கு மாற்றினார்.

அண்ணை என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். கனடாவில் எலும்புக்குள் திருகாணி இறுக்கி, அதன்மேல் பல் பூட்டுகிறார்களாம். இம்பிளான்ட் என்று பெயர். வெள்ளவத்தையில் ஒரு கிளினிக்கிலும் செய்கிறார்கள் என்று விசாரித்து வைத்திருந்தார். உள்ளே ஏசிக் குளிர், சுவர் முழுக்கச் சிரிக்கிற படங்கள். டொக்டர் என் வாயை எட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கே எல்லாத்தையும் எடுத்துப்போட்டு, அதே இருப்பில இம்பிளான்டும் வைச்சுவிடலாம்" என்றார்.

"எனக்குச் சீனி வருத்தம் இருக்கு டொக்டர்."

"குளுசை போடுறீங்கள்தானே? பிறகென்ன?"

"காலில முள்ளுக் குத்தின காயமே மாசக் கணக்கா மாறேல்லை. எலும்பைத் துளைச்சா மாறுமோ?"

அவர் அண்ணையைப் பார்த்துச் சிரித்தார். "ஊராக்கள் இப்பிடித்தான் பயப்பிடுவினம். நீங்கள் எப்ப திரும்பிப் போறியள்?"

அந்தச் சிரிப்பு, என் வாய்க்குள் இருந்ததைவிட அருவருப்பாய், அரியண்டமாக இருந்தது. எழும்பி வெளியே வந்துவிட்டேன். றோட்டில் வைத்து அண்ணை ஏசினார். "உனக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தனான்!" நான் அசையவில்லை.

அடுத்த நாள் தெரிந்தவர்கள் சொல்லி, வயதான ஒரு பல் டொக்டர் அம்மாவிடம் போனோம். அவா வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னமே கேள்விகள் கேட்டா. என்ன மருந்து, கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தது, காயம் மாறுமா, அடிக்கடி தாகம் எடுக்குமா. பிறகு ஒட்டியிருந்த பல் வரிசையை மெல்ல வெட்டிக் கழற்றினா. முகமூடி போட்டிருந்தும் உதவிக்கு நின்ற பெண் பிள்ளை பின்னுக்குப் போனாள். தட்டில் விழுந்ததைப் பார்த்தேன். பழைய சோறு பசையாகி, பச்சையும் மஞ்சளுமாய், வேரில் இருந்து வந்த சீழோடு சேர்ந்து கிடந்தது. துப்புகிற கிண்ணத்துக்குள் குனிந்து சத்தி எடுத்தேன்.

டொக்டர் அம்மா முகம் சுளிக்கவில்லை. "இப்ப இம்பிளான்ட் வைச்சா அதுவும் இப்பிடித்தான் அழுகும். சீனி கூடினா எலும்பு திருகாணியைப் பிடிக்காது, கிருமியும் லேசா ஏறும். முதல்ல வேரெல்லாம் எடுப்பம். முரசு ஆறட்டும். மூண்டு மாசச் சீனி எவ்வளவெண்டு காட்டிற இரத்தச் சோதனை ஒண்டு இருக்கு. அது இறங்கி, உங்கட சீனி டொக்டரும் ஓமெண்டு சொன்னாப் பிறகு வாங்கோ."

"எவ்வளவு காலம் செல்லும்?" அண்ணை கேட்டார்.

"உடம்பு சொல்லும்."

வேர்களை எடுத்து முடிந்த பிறகு, அந்தப் பல் வரிசையைக் கழுவாமல் ஒரு போத்தலில் போட்டு மூடித் தரச் சொன்னேன். திரும்பி வரும் வழியில், ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைக் கிளறிய ஆமிக்காரன் மூடியைத் திறந்தான். உடனே கையை உதறிக்கொண்டு, போ, போ என்று கத்தினான். மற்றப் பைகளைத் தொடவேயில்லை.

நேரே கிளிநொச்சியில் அந்தப் பல் கட்டுகிறவரின் வீட்டுக்குப் போனேன். வாங்கில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். போத்தலை அவருடைய மேசையில் வைத்தேன்.

"நீங்கள் பல்லை ஒழுங்கா மினுக்கேல்லைப் போல" என்றார்.

மூடியைத் திறந்துவிட்டேன். ஒரு கிழவி சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பினா. மற்றவர்களும் எழும்பினார்கள். "இது என்ர வாய்க்குள்ள இருந்தது. உங்கட வேலை" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் பேசப் பொக்கை வாய் விடவில்லை.

அண்ணை போய்விட்டார். நான் முன்பல் இல்லாமலே சங்கக்கடையில் நின்றேன். பெரியாஸ்பத்திரிச் சீனி டொக்டர் இன்சுலின் ஊசிக்கு மாற்றினார். குளிர்ப்பெட்டி இல்லாததால், ஈர மணல் நிரப்பிய சட்டிக்குள் மருந்தை வைத்துக் குசினி மூலையில் காத்தேன். குரக்கன் பிட்டு, கீரை, அவித்த மீன், இவற்றைக் கடைவாய்ப் பற்களாலேயே நசித்து விழுங்கினேன். வாயோரம் வழிவதைத் துடைக்கும்போதெல்லாம் அருவருப்பாக இருந்தது. ஆனால் காலில் கிடந்த காயம் மாறிவிட்டது. அதைக் கண்ட பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இரத்தச் சோதனையில் சீனி இறங்கியிருந்தது. சீனி டொக்டர் ஓம் சொன்னார். மனுசனோடு திரும்பக் கொழும்புக்குப் போனேன். காலை வேளையில் சாப்பிட்டு, ஊசியும் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தா டொக்டர் அம்மா. அங்கேயும் விரலில் குத்திச் சீனி பார்த்த பிறகுதான் மூன்று திருகாணிகளை வைத்தா. கிருமிக்கு மருந்து தந்தா. ஒன்று பிடிக்காமல் ஆடி வெளியே வந்தது. மற்ற இரண்டும் எலும்போடு இறுகின. சண்டை தொடங்கிப் பாதை திரும்பப் பூட்டுவதற்கு முன்னமே அவற்றின்மேல் பல் வரிசை பூட்டியாகிவிட்டது.

"சொந்தப் பல்லைவிடக் கவனமா மினுக்க வேணும்" என்று டொக்டர் அம்மா சொல்லி அனுப்பினா. ஒவ்வொரு இரவும் பல் இடுக்கில் நூல் விட்டு எடுப்பேன். எடுத்த நூலை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்ப்பேன். அதைப் பார்த்துவிட்டு மனுசன் சொல்வார்:

"அரியண்டம் பிடிச்சவளே, படுக்க வா."