மேல்பல் இல்லாத ஆடு

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. எந்தக் குறையும் என் கண்ணுக்குத் தப்பாது என்று ஒரே திமிர். அந்தத் திமிரோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேவூர்ப் பக்கம் ஆடு வாங்கப் போனேன். திருநெல்வேலியை விட்டு வந்த நாளிலிருந்து அந்த ஆசை. வாடகை வீட்டில் யார் விடுவார்கள்? அந்த வாரம்தான் வீட்டுக்காரர், "ஒண்ணே ஒண்ணு கட்டிக்குங்க" என்று மனமிறங்கியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை!

பட்டியில் ஒரு கறுப்புப் பெட்டை ஆடு என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. அதுதான் என் ஆடு என்று அப்போதே முடிவாகிவிட்டது. ஆட்டுக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். ஆட்டின் கீழுதட்டை இறக்கிக் காட்டினாள். "பாருங்க, பால்பல்லு விழுந்து இப்பத்தான் ரெண்டு பல்லு போட்டிருக்குது. இளசுங்க."

நடுவில் இரண்டு பெரிய பற்கள், இருபுறமும் சின்னச் சின்னதாய். நான் அதோடு விடுவேனா? துணியின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தே பழகின கை. மேலுதட்டையும் தூக்கினேன். ஐயய்யோ! முன்னால் ஒரு பல்கூட இல்லை, வெறும் ஈறு.

"கெழட்டு ஆட்ட என் தலையில கட்டப் பாக்கியளோ? மேல்பல்லு பூரா கொட்டிப்போச்சே! இந்தப் பீஸ் ரிஜெக்ட்!"

அவள் முகம் சிவந்துவிட்டது. "ஏனுங்க்கா, என்னையத் திருடிங்கறீங்களா?" என்றவள், பக்கத்து ஆட்டின் வாயைத் திறந்தாள். செம்மறியின் வாயை, மாட்டின் வாயை. எதிலும் மேலே முன்பல் இல்லை. "பொறக்கறப்பவே கெடையாதுங்க. கீழ்ப்பல்லை மேலீறுல வெச்சுத்தான் புல்லை அறுக்கும்." பிறகு என் ஆட்டின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "உங்களுக்குக் குடுக்கறதுக்கில்லீங்க."

"தெரியாமச் சொல்லிட்டேன் தாயீ, மன்னிச்சிரு" என்று கெஞ்சினேன். அவள் என் வாயையே உற்றுப் பார்த்தாள்.

"அதென்னங்க முன்பல்லுல வெட்டு?"

"பிசிறு நூலக் கடிச்சுக் கடிச்சு வந்தது. ட்ரிம்மர எடுத்து வெட்ட நேரமாவும்லா?"

சிரித்தே விட்டாள். "இந்த வாயை வெச்சுட்டு ஆட்டுப் பல்லை நொட்டை சொல்ல வந்தீங்களாக்கும்! நமக்கு விழுந்து மொளைக்கறதெல்லாம் சின்ன வயசோட முடிஞ்சுதுங்க. இனிமே நூலைக் கடிக்க மாட்டேன்னு ஆட்டுத் தலைமேல சத்தியம் பண்ணுங்க, கயித்தைத் தாரேன்."

பண்ணினேன். ஆடு வந்துவிட்டது!

திங்கட்கிழமை, முதல் பீஸிலேயே ஒரு பிசிறு. கை தானாக அதை வாய்க்குக் கொண்டுபோனது. பல் பட்டதும் சட்டென்று விட்டேன். ட்ரிம்மரைத் தேடி எடுப்பதற்குள் சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"என்னக்கா, இன்னைக்கு இவ்வளவு ஸ்லோ?"

"சத்தியம் பண்ணிருக்கேன் சார்."

"யார் மேல?"

"எங்க ஆட்டு மேல."