நாற்பத்தெட்டு மணி நேரப் பட்டினி

1. மூன்றாவது தடவை

மூன்றாவது தடவையும் எண்கள் பொருந்தாத அன்று, டாக்டர் என் நோட்டை மூடி மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தால் மட்டும் ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு வருவார்.

"போன தடவை ஒண்ணு, இந்தத் தடவை ஒண்ணு. இது கவுண்ட்டா, மட்கா நம்பராம்மா?"

மட்கா அப்போது பம்பாய் முழுக்க நடந்த எண் சூதாட்டம்.

"டைம் எல்லாம் சரியாத்தான் எடுத்திருக்கேன், சார்."

"அப்போ உன் கைதான் சரியில்லே. இன்னும் ஒரு ரன் தரேன். அதுவும் இப்படி வந்தா கிளாஸ்வேர் பக்கம் போயிடு, கோமதி. குழாயைத் திறந்தா தண்ணி வரும். அதுல ரெண்டு விதமா ரிசல்ட் வராது."

ரன் என்றால் ஒரு முழுச் சோதனை. கிளாஸ்வேர் பக்கம் என்றால் சோதனைக் குழாய் கழுவும் அறை. அங்கே போனவர்கள் யாரும் மேசைக்குத் திரும்பி வந்ததில்லை. அறுபதுகளின் நடுவில், செம்பூரில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில், நான் தற்காலிக உதவியாளர். வயது இருபத்தொன்பது.

எங்கள் வேலையை இளைஞர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணையத்தின் செல், புரதத்தை ஒரு பக்கத்தில் செய்கிறது. நடுவில் கோல்ஜி என்ற இடத்தில் அதைப் பிரித்துப் பொதி கட்டுகிறது. மறு பக்கத்தில் சைமோஜன் மணிகளாக அடுக்கி வைக்கிறது. உணவு வந்ததும் மணிகளை வெளியே கொட்டுகிறது. தனக்கு வேண்டிய புரதத்தை மட்டும் உள்ளேயே நிறுத்திக்கொள்கிறது. எது எந்த வழியில், எத்தனை நிமிடத்தில் போகிறது என்பதுதான் கேள்வி.

கணையத்தின் மெல்லிய ஸ்லைஸ்களுக்குக் கதிரியக்கம் ஏற்றிய லூசின் என்ற அமினோ அமிலத்தை மூன்று நிமிடம் கொடுப்போம். பிறகு சாதாரண லூசினை ஏராளமாகக் கொட்டி அதை நிறுத்துவோம். அந்த மூன்று நிமிடத்தில் உண்டான புரதத்துக்கு மட்டும் அடையாளம் விழுந்திருக்கும். குறித்த நிமிடங்களில் ஸ்லைஸ்களை ஐஸில் போட்டு, அரைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிப் பாகம் பாகமாகப் பிரித்துக் கதிரியக்கத்தைக் கவுண்ட் எடுத்தால், அடையாளம் அப்போது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரியும். வெளிநாட்டில் செய்து காட்டிய சோதனைதான். எங்களுக்கும் அது வந்தால்தான் அடுத்த வேலையைத் தொடங்க முடியும்.

இதற்குக் கணையம் எடுக்கும் கினிப்பன்றிகளை நாற்பத்தெட்டு மணி நேரம் பட்டினி போட வேண்டும். தண்ணீர் மட்டும் உண்டு. அப்போதுதான் மணிகள் செலவாகாமல் நிறைந்து நிற்கும். சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு தீவனம் வைத்தால் செல்கள் எல்லாம் ஒன்றாக வேலையைத் தொடங்கும்.

பிரிக்கும் வேலை குளிர் அறையில் நடக்கும். நாலு டிகிரி. மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தனியாக. ரன் உள்ள நாட்களின் டைரியில் "இன்று யாரிடமும் பேசவில்லை" என்று பல பக்கங்களில் இருக்கிறது. மாட்டுங்கா ஹாஸ்டலில் என்னோடு இருந்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அவள் கட்டிலுக்கு வேறு யாரும் வரவில்லை.

2. தராசு

ஸ்டாப்வாட்ச்சை ரேடியோ நேரத்தோடு ஒப்பிட்டேன். தெர்மாமீட்டரை மாற்றினேன். பாகம் பிரிக்கும் சர்க்கரைக் கரைசல்களைப் புதிதாகச் செய்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. நான் சோதிக்காமல் விட்டது விலங்குகளை மட்டுமே.

நாலாவது ரன்னுக்கு வைத்திருந்த இரண்டு கினிப்பன்றிகளைத் திங்கள் காலை, தீவனத்தை எடுத்த உடனே எடை போட்டேன். புதன் காலை, தீவனம் வைப்பதற்கு முன் மறுபடி போட்டேன். ஒரு விலங்கு இரண்டு கிராம்தான் குறைந்திருந்தது. மற்றது எட்டு கிராம் கூடியிருந்தது. தராசை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து இன்னொரு தடவை போட்டேன். அதே எட்டு.

இரண்டு நாள் பட்டினி கிடந்த விலங்கு எடை கூடாது.

விலங்கு அறையின் சாவி செல்லையா அண்ணாச்சியிடம்தான் இருக்கும். திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்து வந்து தாராவியில் குடியிருந்தவர். கூண்டு கழுவுவது, தீவனம் வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ரன் இல்லாத நாட்களில் மதியம் ஒரு மணிக்கு நான் என் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். அவர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருப்பார், நான் ஸ்டூலில். அந்த இருபது நிமிடம்தான் ஒரு நாளில் நான் மனம் விட்டுப் பேசும் நேரம்.

3. முட்டைக்கோசு இலை

"அண்ணாச்சி, இதுகளுக்கு ஏதாவது கொடுத்தீங்களா?"

அவர் கூண்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"தீவனம் போடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாவ. போடல."

"வேற ஏதாவது?"

"முட்டைக்கோசு எலை தீவனமா எம்மா? காய்க்காரன் வீசுற எலைதான. கதவத் தொறந்தாலே கீச்சு கீச்சுன்னு கத்துதுவ. நான் இங்கன உக்காந்து சோறு திங்கணும், அதுவ என் வாயப் பாத்துக்கிட்டு நிக்கணும். எறங்குமா சொல்லுங்க."

"போர்டுல எழுதி வச்சிருந்தேனே."

"இங்கிலீசுல எழுதியிருந்திய. நாப்பத்தெட்டுன்னு மட்டும் வாசிச்சேன். கைதிக்குக்கூட நம்பர் போட்டுட்டுக் கஞ்சி ஊத்துவான்."

அன்றுதான் முதன்முறையாக அவருக்குச் சொன்னேன். செல் எங்கே செய்கிறது, எங்கே பொதி கட்டுகிறது, எங்கே அடுக்குகிறது, சாப்பிட்டால் அது எப்படிக் கொட்டிவிடுகிறது என்று. கரும்பலகையில் படமும் போட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

"அப்ப ஏவாரம் இல்லன்னாத்தான் குடோன்ல சரக்கு நிக்கும்."

"ஆமா."

"நான் நடுவுல போயி ஏவாரத்தத் தொறந்து விட்டுருக்கேன்." படத்தில் மணிகள் மேல் விரலை வைத்தார். "இத ஒரு ஆறு மாசம் முந்திச் சொல்லியிருந்தா என்ன எம்மா? பல்லக் கடிச்சுக்கிட்டு வெளிய போயித் தின்னுருப்பேன்லா."

சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"நோட்டுல எழுதுவியளா?"

"எழுதணும் அண்ணாச்சி. மூணு ரன் ஏன் தப்பாச்சுன்னு எழுதணும்."

"எம் பேர எழுதிராதிய. நானும் டெம்பரவரிதான்."

4. நோட்டு

அன்றைய ரன்னை நடத்தவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதாமல் விட்டு, அடுத்த வாரம் ஒழுங்காகப் பட்டினி போட்டு, நல்ல எண்களைக் காட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த மூன்று ரன்களும் என் கைக்குற்றமாகவே நிற்கும். யாராவது பிறகு அவற்றை எடுத்துச் சராசரி போட்டாலும் போடுவார்கள்.

இரண்டு எடைகளையும் எழுதினேன். அதன் கீழே, "பட்டினி முழுமையாக இல்லை. முதல் மூன்று ரன்களும் ஏற்கத்தக்கவை அல்ல. பட்டினியின் காரணத்தை விலங்கு அறைக்கு நான் விளக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பெயர் எழுதவில்லை.

டாக்டருக்குப் பெயர் தேவைப்படவில்லை. அந்த அறையில் வேலை பார்த்தது ஒரே ஆள்.

"நீ உன்மேல போட்டுண்டா சரியாயிடுமா? சொன்னதைக் கேக்காதவன் அங்கே எதுக்கு?"

"காரணம் சொல்லியிருந்தா கேட்டிருப்பார், சார்."

"எல்லாருக்கும் பாடம் நடத்திண்டு இருக்க முடியுமா?"

மறுநாள் செல்லையா அண்ணாச்சியைத் தோட்ட வேலைக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

நாலாவது ரன் அடுத்த வாரம் நடந்தது. எடை இரண்டிலும் நன்றாகக் குறைந்திருந்தது. அடையாளம் முதலில் புரதம் செய்யும் பாகத்தில் உயர்ந்தது. பிறகு அங்கே இறங்கிக் கோல்ஜிப் பாகத்தில் ஏறியது. கடைசியில் மணிகளில் போய் நின்றது. வரைபடத்தாளில் புள்ளிகளைச் சேர்த்தபோது மூன்று கோடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. டாக்டர் "குட்" என்றார். என்னைக் கிளாஸ்வேர் பக்கம் அனுப்பவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு மணிக்குத் தோட்டத்துக்குப் போனேன். செல்லையா அண்ணாச்சி பாத்தியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கோடுகளைக் காட்டினேன்.

"சரக்கு போயிச் சேந்துட்டுல்லா," என்றார். "சரி, போங்க எம்மா. டாக்டர் பாத்தா ஒங்களையும் வைவாவ."

குழாயை அடுத்த பாத்திக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு என் டப்பாவை நான் குளிர் அறைக்கு வெளியே நின்றபடியே சாப்பிட்டேன்.

நோட்டில் எழுதிய அந்தப் பக்கத்தை இன்றும் நான் மாற்றி எழுத மாட்டேன். எழுதியது அத்தனையும் உண்மை. ஆனால் அதற்குப் பிறகு நான் நடத்திய எந்தச் சோதனையிலும், கூண்டு கழுவுபவர் வரை எல்லோரையும் கூட்டி, அவர்கள் மொழியில் காரணத்தைச் சொல்லாமல் வேலையைத் தொடங்கியதில்லை. பத்து நிமிடம்தான் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை நான் முதல் நாளே கொடுத்திருக்க வேண்டும்.